கொல்லரின் அட்டை

பிப்ரவரி 6

தம்பிக்கு,

கட்டுரை ஒருவழியாக வெளிவந்துவிட்டது. மூன்று வருட வேலை, நான்கு முறை திருத்தம். ஆய்விதழின் மதிப்பீட்டாளர்களில் ஒருவர் "துணிச்சலான வாதம்" என்று எழுதினார். இன்னொருவர் எனக்கு அடிக்குறிப்பில் காற்புள்ளி போடத் தெரியவில்லை என்று எழுதினார். இரண்டையும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டேன். ஒரு பிரதி தனி உறையில் அனுப்புகிறேன். செவ்வாய்க்கிழமை லாரியில் உன் முகாமுக்கு வந்துவிடும் என்று உன் உதவி நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் சொன்னார்கள்.

பக்கம் முப்பத்தொன்றை முதலில் படி. அதில் நீ இருக்கிறாய். உன்னையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாதபடி இருக்கிறாய்.

போன ஜூலையில் நீ எழுதிய கடிதத்தைப் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். பாதுகாப்பைக் காரணம் காட்டி முகாமின் பதிவேட்டை மூடி இரண்டு வருடமாகிறது, புதிதாக ஒரு பெயரும் ஏறாது, ஆனால் குழந்தைகள் பிறந்துகொண்டும் ஆற்றைத் தாண்டி ஆட்கள் வந்துகொண்டும் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அதனால் யாராவது இறந்தால் அந்தச் சாவை யாரும் அலுவலகத்துக்குச் சொல்வதில்லை. இறந்தவரின் ரேஷன் அட்டை, தையல்காரம்மா ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கும் வரிசைப்படி, அட்டை இல்லாத அடுத்த ஆளுக்குப் போகிறது. சொந்தக்காரர்கள்கூட அதைத் தங்களுக்கென்று வைத்துக்கொள்வதில்லை. கொல்லர் ஒருவர் இறந்து, அவருடைய அட்டை ஆற்றைத் தாண்டி வந்த இரண்டரை வயதுப் பெண் குழந்தைக்குப் போய், முகாமே அவளைக் "கொல்லரே, வாங்க" என்று கூப்பிடுகிறது என்று நீ எழுதிய இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சர்வதேச உதவியைப் பற்றி இருபது வருடமாக வகுப்பில் நான் சொல்ல முயன்றது அதுதான்.

வாதம் உனக்குக் கொட்டாவி வரவழைக்கும், இருந்தாலும் கேள். உதவியைக் கொடுத்தவர், கொடுத்த பிறகும் அதற்குச் சொந்தக்காரராக இருக்க முடியுமா? முடியாது என்கிறேன். பட்டினியைக் கொண்டுவந்த போருக்கு ஆயுதம் விற்ற நாடு அனுப்பும் மாவு, தானம் ஆகாது. அது செய்தே ஆகவேண்டிய ஒன்று. அப்படி வந்ததை எப்படிப் பங்கிடுவது என்று வாங்குகிறவர்கள் முடிவு செய்யலாம். உங்கள் முகாம் அதைக் கொடை நாடுகளைவிட நியாயமாகச் செய்திருக்கிறது. அதற்குத்தான் உன் உதாரணம்.

அப்பா பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு முழுவதையும் படித்தார். "இதைப் படிச்சு யாருக்கு என்ன ஆகப்போகுது?" என்றார். கொள்கை வகுக்கிறவர்கள் படிப்பார்கள் என்றேன். "படிச்சுட்டா?" என்றார். நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருடம் இருந்தவருக்கு எந்தக் கோடும் எங்கே போய் முடிகிறது என்று தெரிந்தாகவேண்டும். வேளைக்கு மாத்திரை சாப்பிடுகிறார், உன்னைக் கேட்டதாகச் சொன்னார்.

அக்கா


பிப்ரவரி 19

அக்காவுக்கு,

உன் பிரதி இன்னும் வரவில்லை. ஆனால் கட்டுரை வந்துவிட்டது. கொடை நாட்டிலிருந்து உதவிக் கணக்கைப் பரிசோதிக்கும் ஆய்வாளர் ஒருவர் போன செவ்வாய் லாரியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்து இறங்கினார். பையில் உன் கட்டுரையின் அச்சுப்படி. பக்கம் முப்பத்தொன்றில் நான்கு வரிக்கு மஞ்சள் பூசியிருந்தது. மற்ற நாற்பத்தேழு பக்கமும் வெள்ளை வெளேரென்று இருந்தன.

பதிவுக் கூடத்தில் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, "இது எந்த முகாம்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "ரெண்டு வருஷமா பதிவேடு மூடியிருக்கு. ஆத்தங்கரைல இருக்கு. ஒன்பதாயிரத்து அறுநூறு அட்டை. இப்படி உலகத்துல எத்தனை முகாம் சார் இருக்கும்?" என்றார். நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

நீ எங்களை மறைத்து வைத்த அழகையும் பார்த்தேன். முகாமின் பெயரை எடுத்துவிட்டாய். ஆற்றை அப்படியே வைத்திருக்கிறாய். கொல்லரைத் தச்சராக்கியிருக்கிறாய். கைமாறிய அட்டைகளின் எண்ணிக்கையை மட்டும் கடைசி இலக்கம்வரை சரியாகப் போட்டிருக்கிறாய், ஆயிரத்து நூற்று நாற்பது என்று. அதையெல்லாம் நான் உனக்கு எழுதியது, சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் உன்னோடு உட்கார்ந்து பேசுகிற நினைப்பில். நான் தம்பியாக எழுதினேன். நீ ஆதாரமாக வாசித்திருக்கிறாய்.

மலைமேல் இருக்கும் ராணுவச் சாவடி தொலைபேசி அலையை அடைத்து வைத்திருக்கிறது. வாரம் ஒருமுறை போகும் இந்தத் தபால் பை ஒன்றைத்தான் அவர்கள் பிரிப்பதில்லை. அதில் என்ன எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று இத்தனை வருடத்தில் நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

ஆய்வாளர் இன்னும் கிளம்பவில்லை. விருந்தினர் அறையில் கொசுவலை ஓட்டை என்று புகார் கொடுத்திருக்கிறார். கவனித்துக்கொண்டிருக்கிறோம்.

தம்பி


மார்ச் 1

தம்பிக்கு,

நாற்பத்தெட்டுப் பக்கத்தில் நான்கு வரியை மட்டும் படித்துவிட்டுக் கோபப்படுவது ஆய்வாளருக்குப் பொருந்தும். உனக்குப் பொருந்தாது. முழுவதையும் படித்துவிட்டுத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

அந்த ஜனங்களுக்காக இவ்வளவு உறுதியாக யாரும் எழுதியதில்லை. அவர்கள் செய்வதை மோசடி என்று அழைக்கக் கூடாது என்பதற்கு மட்டும் ஏழு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். அதைப் படிக்கிற எவருக்கும் பதிவேட்டை மூடியதுதான் குற்றம் என்று புரியும். புரியாதவர் வேண்டுமென்றே புரிந்துகொள்ளாதவர். எண்ணைக் குறைத்தோ கூட்டியோ எழுதியிருக்கலாமே என்பாய். எண்ணை மாற்றிவிட்டால் அப்புறம் அது ஆய்வா, கதையா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு என்ன பயன். நீ உன் ஆராய்ச்சியைப் பாதியில் போட்டுவிட்டு முகாமுக்குப் போன நாளிலிருந்து என் வேலை உனக்கு இளக்காரம். அறைக்குள் உட்கார்ந்து பட்டினியைப் பற்றி எழுதுகிறவள் என்று அப்பாவிடம் சொன்னாயாம். அவர் எனக்குச் சொல்லாமல் இருப்பாரா? நீ மூட்டை இறக்குகிறாய், நான் அந்த மூட்டை ஏன் வரவேண்டும் என்று நான்கு பேருக்குப் புரியவைக்கிறேன். இரண்டும் வேண்டும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அது உண்மை. கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாய், அதுவும் உண்மை.

அக்கா


மார்ச் 15

அக்காவுக்கு,

முழுவதையும் படித்தேன். இரண்டு முறை. நல்ல கட்டுரை. ஏழு பக்கத்தையும் கிடங்கு மேலாளருக்கு வாசித்துக் காட்டினேன், அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் பொதுவாக எலி விழுந்த மாவுக்குத்தான் அழுவார்.

சங்கடம் அங்கேதான். நீ சரியாக எழுதாமல் இருந்திருந்தால் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். ஆய்வாளரிடம் அந்த ஏழு பக்கத்தைப் பற்றிக் கேட்டேன். "அது மேடத்தோட கருத்துங்க. எங்களுக்குத் தகவல் போதும்" என்றார். வாதம் உன்னுடையது என்பதால் அதை உன்னிடமே விட்டுவிட்டார்கள். எண்ணை எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது நிலவரம் இது. இறந்தவர் பெயரில் போகும் மாவு, மலையில் பதுங்கி ராணுவத்தோடு சண்டைபோடும் ஆயுதக்காரர்களுக்குப் போகிறது என்று கொடை நாட்டில் ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. போகவில்லை. இங்கே பிறந்த குழந்தைகளுக்குப் போகிறது. ஆனால் அந்தக் குழந்தைகள் பதிவேட்டில் இல்லை, அதனால் அவர்கள் சாப்பிட்டதும் இல்லை. ஏப்ரல் கடைசியில் மறு கணக்கெடுப்பு என்று அறிவித்திருக்கிறார்கள். அட்டையில் இருக்கும் ஆள் நேரில் வந்து நிற்கவேண்டும், வயது பொருந்தவேண்டும், இல்லையென்றால் அட்டையை வெட்டிவிடுவார்கள். ஆயிரத்து நூற்று நாற்பது பேருக்குச் சாப்பாடு நின்றுபோகும்.

ஒரே ஆறுதல், தையல்காரம்மாவின் நோட்டைப் பற்றி நீ கட்டுரையில் எழுதவில்லை. எந்த அட்டை யாரிடம் போயிற்று என்பது அதில் மட்டும்தான் இருக்கிறது. அது கையில் கிடைக்காதவரை அவர்கள் ஒவ்வொரு அட்டையாகச் சரிபார்க்க மூன்று வாரமாவது ஆகும். மூன்று வாரம் இந்த வெயிலில் எந்த அதிகாரியும் தாங்கமாட்டார், பாதியில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புவார் என்பது எங்கள் மேலாளரின் கணிப்பு.

அதற்கு முன்னால் கொடை நாட்டின் மீளாய்வுக் குழு உங்கள் ஊரில் கூடுகிறது. உன்னைச் சாட்சியாக அழைப்பார்கள். கட்டுரைக்குச் சரிபார்த்த ஆதாரம் இல்லை என்று நீ சொல்லிவிட்டால் கணக்கெடுப்புக்கு அடிப்படையே இல்லாமல் போகும். இதை உன்னிடம் கேட்கச் சொன்னவர் மேலாளர். நான் கேட்கவில்லை, அவர் கேட்கச் சொன்னதைச் சொல்கிறேன்.

தம்பி


மார்ச் 26

தம்பிக்கு,

அழைப்பு வந்துவிட்டது. ஏப்ரல் பத்தாம் தேதி, காலை பத்தரை மணி.

இதை எழுத உட்கார்ந்து மூன்று நாளாகிறது. நீ சொன்னபடி சொல்வதில் பொய் ஏதும் இல்லை என்று எனக்கே தெரிகிறது. நான் உன் முகாமுக்கு வந்ததில்லை. ஒரு அட்டையைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. கையில் இருந்தது ஒரே ஒரு கடிதம். கட்டுரையில் "களத்திலிருந்து கிடைத்த தகவல்" என்று போட்டேன். எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள்.

ஆனால் அதைச் சொன்ன மறுநாள் பல்கலைக்கழக நெறிமுறைக் குழு என்னைக் கூப்பிடும். யாருடைய கடிதம், அவரிடம் சம்மதம் வாங்கினாயா என்று கேட்கும். உன்னைக் காட்டிக்கொடுக்க வேண்டிவரும். நிறுவனத்தின் ரகசியத்தை வெளியே எழுதினாய் என்று உன் வேலை போய்விடும். அதற்குத்தான் தயங்குகிறேன்.

எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். அதற்கு மட்டும் இல்லை. எங்கள் ஆய்வு மையத்தின் இயக்குநர் இந்த டிசம்பரில் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு என் பெயரும் ஓடிக்கொண்டிருக்கிறது. பதினோரு வருடமாக அவருடைய குழு அறிக்கைகளை நான்தான் எழுதிக் கொடுக்கிறேன், அவர் முன்னுரையில் எல்லோருக்கும் பொதுவாக நன்றி சொல்கிறார். இது உனக்குச் சின்னத்தனமாகத் தெரியும். எனக்கும் தெரிகிறது, ஆனால் ஆசை இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

நீ என்ன செய்யச் சொல்கிறாய்? மேலாளர் கேட்கச் சொன்னது வேண்டாம். நீ சொல்.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

உன் முதல் காரணத்தை நான் தீர்த்துவிட்டேன். அந்தக் கடிதத்தை எழுதியவன் நான்தான் என்று ஆய்வாளரிடம் சொன்னேன். வேலைப்பளுவில், எங்கேயோ கேட்டதை அக்காவிடம் கொஞ்சம் பெருக்கி எழுதிவிட்டேன் என்று தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேன். நான் சொன்ன முதல் பொய் இது என்று நினைக்கிறேன், சின்ன வயதில் உன் பேனாவைத் தொலைத்துவிட்டு இல்லை என்றதைத் தவிர.

வேலை போகவில்லை. பதிவுப் பிரிவிலிருந்து கிடங்குக்கு மாற்றியிருக்கிறார்கள். மூட்டைகளுக்கு என் மேல் சந்தேகம் எதுவும் இல்லை.

இரண்டாவது காரணத்தை நீதான் தீர்க்கவேண்டும்.

குழுவின் முன்னால் மூன்று வாக்கியம் சொன்னால் போதும். அந்த எண் ஒரு தனிப்பட்ட கடிதத்திலிருந்து எடுத்தது. அதை நான் சரிபார்க்கவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். மூன்றும் உண்மை. இதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாதே. யார் என்ன கேட்டாலும் பேசாதே. உன்னை எனக்குத் தெரியும், அதனால் சொல்கிறேன்.

நான் என்ன செய்யச் சொல்கிறேன் என்று கேட்டாயே. இதைத்தான் செய்யச் சொல்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 11

தம்பிக்கு,

நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இடையில் எனக்கு நானே பரிந்து பேசினால் பொறுத்துக்கொள், பழக்கதோஷம்.

காலையில் அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். "மூணு வாக்கியம்தானே? தாள்ல எழுதிட்டுப் போ" என்றார். எழுதிக்கொண்டு போனேன். நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், ஐந்து உறுப்பினர்கள். தலைவர் முன்னாள் தூதர், மெல்லிய குரல், என் கட்டுரையை உண்மையிலேயே முழுவதும் படித்திருந்தார். ஓரங்களில் பென்சிலால் குறிப்பு எழுதியிருந்தார். அப்படிப் படித்த ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

முதல் வாக்கியத்தைச் சொன்னேன். இரண்டாவதையும் சொன்னேன். மூன்றாவதற்கு வாயெடுப்பதற்குள் அவர் கையை உயர்த்தினார். "ஒரே ஒரு கேள்வி மேடம். பங்கிடற உரிமை வாங்கறவங்களோடதுன்னு சொல்றீங்க. சரி. அவங்க மலையில இருக்கறவங்களுக்கும் ஒரு பங்கு வெச்சா, அதுவும் நியாயம்தானா? கோட்டை எங்க போடுவீங்க?" என்றார்.

அது நல்ல கேள்வி, தம்பி. என் கட்டுரையில் பலவீனமான இடம் அதுதான். மூன்று வருடமாக யாராவது அதைக் கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தேன். மதிப்பீட்டாளர்கள் காற்புள்ளியைப் பார்த்தார்கள், இவர் அதைப் பார்த்துவிட்டார்.

நாற்பது நிமிடம் பேசினேன். பங்கீடு நியாயமானதா என்பதை யார் பங்கிடுகிறார் என்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது, பங்கு போன இடத்தை எல்லோராலும் பார்க்க முடிகிறதா என்பதை வைத்து முடிவு செய்யவேண்டும் என்றேன். ஆயுதக்காரர்களின் பங்கு இருட்டில் போகும், இங்கே அப்படி இல்லை என்றேன். அப்படி இல்லை என்று எப்படித் தெரியும் என்று ஒரு உறுப்பினர் கேட்டார். ஒவ்வொரு அட்டையும் யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று என்று ஒரு தையல்காரம்மா தேதியோடு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார், ஒன்றுகூட முகாமைவிட்டு வெளியே போகவில்லை என்றேன்.

சொல்லி முடித்ததும் தலைவர் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். எல்லோரும் குனிந்து குறித்துக்கொள்வதைப் பார்த்தபோதுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. மூன்றாவது வாக்கியம் எழுதிய தாள் கையில் அப்படியே இருந்தது. அதையும் வாசித்தேன். "இவ்வளவு பிரமாதமா நிரூபிச்சதை ஏன் மேடம் திரும்ப வாங்கறீங்க?" என்று தலைவர் சிரித்தார். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

உன் கையெழுத்துத் தாளை என் முன்னாலேயே எடுத்து ஒதுக்கி வைத்தார்கள். நீ பெருக்கி எழுதவில்லை என்று நான் நிரூபித்துவிட்டேன்.

இந்தக் கடிதம் உனக்குக் கிடைப்பதற்குள் அவர்கள் நோட்டைத் தேடி வந்திருப்பார்கள். செவ்வாய் லாரியைத் தவிர வேறு வழி கிடைக்குமா என்று தலைமை அலுவலகத்தில் நாலு பேரிடம் கேட்டேன். கிடைக்கவில்லை.

மன்னித்துவிடு என்று எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா தெரியவில்லை. எழுதுகிறேன். மன்னித்துவிடு.

அக்கா


மே 4

அக்காவுக்கு,

நடந்ததை நானும் வரிசையாக எழுதிவிடுகிறேன். இதற்கு அப்புறம் எழுத ஒன்றும் இருக்காது.

உன் கடிதமும் ஆய்வாளரும் ஒரே லாரியில் வந்தார்கள். நான் கடிதத்தைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது அவர் தையற்கூடத்துக்குப் போய்விட்டார். தையல்காரம்மா மறைக்கவில்லை. இழுப்பறையில் நூல்கண்டுகளுக்கு அடியில் இருந்த நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். நேராகக் கோடு போட்டு, தேதி போட்டு, ஒரு அடித்தல் திருத்தல்கூட இல்லாத நோட்டு. "எங்க ஆபீஸ்லகூட இவ்வளவு சுத்தமா யாரும் எழுத மாட்டாங்க" என்று ஆய்வாளர் பாராட்டினார். மூன்று வாரம் ஆகவேண்டிய வேலை அதை வைத்து ஒன்றரை நாளில் முடிந்தது.

விநியோகக் கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். நோட்டில் இருக்கும் வரிசைப்படி அட்டையைக் கூப்பிட்டார்கள். நான் கிடங்கு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். "கொல்லர், வயது அறுபத்தொன்று" என்று வாசித்தார்கள். அந்தக் குழந்தைக்கு இப்போது மூன்று வயது முடிந்துவிட்டது. வரிசையில் கேட்டால் கையைத் தூக்கவேண்டும் என்று பழக்கியிருக்கிறார்கள், தூக்கினாள். "நான்தான்" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஆய்வாளரும் சிரித்தார், நல்ல மனிதர்தான். அவளைத் தூக்கி மேசைமேல் உட்காரவைத்து, பையில் இருந்து ஒரு பென்சிலை எடுத்துக் கொடுத்தார். பிறகு அட்டையை வெட்டினார். அவள் பென்சிலோடு இறங்கி அம்மாவிடம் ஓடினாள்.

மீதி இருக்கும் அட்டை எட்டாயிரத்து நானூற்று அறுபது. வரிசையில் நின்ற உயிருள்ள ஆட்கள் ஒன்பதாயிரத்து எழுநூற்று அறுபத்தாறு. நீ நினைத்ததைவிட ஆள் கூடுதல், அட்டை கிடைக்காமல் காத்திருந்தவர்களும் வந்து நின்றார்கள், எண்ணினால் சேர்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில். ஆய்வாளரின் படிவத்தில் நீக்கியவர் என்று ஒரு கட்டம் இருந்தது. சேர்க்கவேண்டியவர் என்று கட்டம் இல்லை. அவரிடம் காட்டினேன். புரட்டிப் பார்த்தார். "பின்பக்கமும் இல்லைங்களே" என்றார்.

ஒரு அட்டைக்கு இவ்வளவு மாவு என்று இருந்ததை இப்போது வீட்டுக்கு வீடு பிரித்துக்கொள்கிறார்கள். யாரும் யாரையும் விட்டுவிடவில்லை. ஆனால் எல்லோரும் மெலிகிறார்கள். கிடங்கில் இருப்பதால் எனக்கு மூட்டையின் எடை தெரியும், ஆட்களின் எடை மருத்துவக் கூடத்தில்தான் எழுதுகிறார்கள்.

தலைவரின் கேள்வி நல்ல கேள்விதான். படித்தபோது எனக்கும் தோன்றிற்று. உன் பதிலும் சரியான பதில். அதனால்தான் எனக்கு உன்மேல் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

தம்பி


மே 18

தம்பிக்கு,

உன் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்தக் குழந்தை கையைத் தூக்கிய இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை. அவர் வாங்கி மீதியைப் படித்தார்.

கட்டுரையை இதழிலிருந்து திரும்பப் பெற்றுவிட்டேன். இயக்குநர் பதவிக்கு என் பெயர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நெறிமுறைக் குழுவிடம் நானே போனேன். ஒரு வருடம் புது ஆய்வு எதையும் நான் நடத்தக் கூடாது என்று தீர்ப்பு. இவற்றால் உங்களுக்கு ஒரு கைப்பிடி மாவுகூடக் கிடைக்காது என்று தெரிந்துதான் செய்தேன். இதில் பெருமை ஒன்றும் இல்லை.

ஆனால் ஒன்று கேட்கவேண்டும். கேட்காமல் இருக்கமுடியவில்லை. எட்டாயிரத்து நானூற்று அறுபது அட்டை, ஒன்பதாயிரத்து எழுநூற்று அறுபத்தாறு ஆள். அவர்களே கூட்டிவந்து, அவர்களே எண்ணிய எண் இது. படிவத்தில் கட்டம் இல்லை என்ற ஒரு காரணத்துக்காக ஆயிரத்து முந்நூற்று ஆறு பேருக்குச் சாப்பாடு இல்லை. இதை அந்த முன்னாள் தூதரின் முன்னால் வைத்தால் அவரால் பதில் சொல்லமுடியாது. கொடை நாட்டின் சட்டத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது, பார்த்துவிட்டேன். எனக்குத் தடை இருப்பதால் என் சக ஆசிரியை தன் பெயரில் எழுதத் தயாராக இருக்கிறார்.

வயதுவாரியாகப் பட்டியல் வேண்டும். எத்தனை குழந்தை, எத்தனை பேர் எந்த மாதம் ஆற்றைத் தாண்டி வந்தார்கள், எந்தப் பக்கமாக வந்தார்கள், இப்போது எந்த வீட்டோடு சாப்பிடுகிறார்கள். தையல்காரம்மாவுக்குத்தான் தெரியும். இந்தமுறை முதலில் கேட்கிறேன். அவரிடமும் மற்றவர்களிடமும் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் மட்டும் அனுப்பு. வேண்டாம் என்றால் வேண்டாம். நான் அதற்குப் பதில் வாதம் எழுதமாட்டேன்.

இந்தமுறை உதவும் என்று உண்மையாகவே நம்புகிறேன்.

அக்கா


ஜூன் 1

அக்காவுக்கு,

உன் கடிதத்தைத் தையற்கூடத்தில் பெண்கள் எல்லோரும் இருக்கும்போது வாசித்தேன். ஒரு வரியும் விடவில்லை. நீ பதவியை விட்டதையும் வாசித்தேன். கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆற்றைத் தாண்டி எந்தப் பக்கமாக வந்தார்கள் என்ற இடத்தில் இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள்.

தையல்காரம்மா துணியைத் தைத்து முடித்து, நூலை அறுத்துவிட்டுத்தான் பேசினார்.

"உங்க அக்கா நல்லவங்கதான் தம்பி. மனசார செய்யறாங்க. அவங்ககிட்ட இனிமே எதுவும் சொல்லாதீங்க."

சரி என்று சொல்லிவிட்டேன். அவரிடம் புது நோட்டு ஏதாவது இருக்கிறதா என்று எனக்கும் தெரியாது. கேட்கவில்லை.

கடிதம் எழுதுவதை நிறுத்தமாட்டேன். செவ்வாய் தவறாமல் வரும். அப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுது. நீயும் உடம்பைப் பார்த்துக்கொள்.

இங்கே எல்லோரும் நலம்.

தம்பி